அலுகோசு இல்லாத தூக்குமேடை

இலங்கையில் கொலைக் குற்றம் நிரூபணமானால் சட்டம் சொல்லும் தண்டனை மரணம். நீதிபதிக்கு அதில் வேறு தெரிவு கிடையாது. தீர்ப்பு வாசிக்கும் நேரத்தில் மன்றின் விளக்குகளையும் மின்விசிறிகளையும் நிறுத்திவிடுவது வழக்கம். சட்டத்தரணிகள், பொலிஸார், குற்றவாளியின் தாய், கொலையுண்டவரின் தாய் என்று எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஜனாதிபதி குறிக்கும் நாளில், குறிக்கும் இடத்தில், உயிர் பிரியும்வரை தூக்கிலிடப்பட வேண்டும் என்று நீதிபதி வாசிப்பார். கையெழுத்திட்ட பேனையைச் சிலர் முறித்துவிடுவதும் உண்டு. இவ்வளவும் நடந்த பிறகு குற்றவாளி சிறைக்குப் போகிறார், அங்கேயே இருக்கிறார். 1976 ஜூன் 23க்குப் பிறகு அந்த நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் மரண தண்டனைக் கைதிகளின் எண்ணிக்கை 1,200ஐத் தாண்டியிருந்தது.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே அரை நூற்றாண்டாகக் கிடக்கும் இந்த இடைவெளியில்தான் விவாதம் குடியிருக்கிறது. ஒரு குழந்தை கடத்திக் கொல்லப்படும்போதும், சிறைக்குள்ளிருந்தே கைப்பேசியில் ஹெரோயின் வியாபாரம் நடப்பது அம்பலமாகும்போதும், தூக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலுக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. கொடிய குற்றம் செய்தவர் சாகத் தகுந்தவரா என்பது ஒன்று. இருக்கிற பொலிஸையும் நீதிமன்றத்தையும் மன்னிப்பு முறையையும் வைத்துக்கொண்டு அவரைக் கொல்ல அரசுக்குத் தகுதி உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்பவர்கூட இரண்டாவதற்கு இல்லை என்று சொல்ல முடியும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு இலங்கையைப் போல் உதவும் நாடு குறைவு. தூக்கை நிறுத்தியதும், திரும்பக் கொண்டுவந்ததும், மறுபடி கைவிட்டதும், மறுபடி கொண்டுவர முயன்றதும் எல்லாம் அங்கே ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குள் நடந்தேறியிருக்கின்றன.

கொல்லலாமா கூடாதா என்ற தயக்கம் அந்தத் தீவுக்குப் புதிதும் இல்லை. வோகாரிக தீசன் என்ற மன்னன் உடலை வதைக்கும் தண்டனைகளை விலக்கினான் என்று மகாவம்சம் சொல்கிறது. அவனுக்குப் பின் வந்த சிறிசங்கபோ, தண்டனைக்காகக் கொண்டுவரப்பட்ட குற்றவாளிகளை இரகசியமாக விடுவித்துவிட்டு, ஏற்கெனவே இறந்தவர்களின் உடல்களை எரித்து ஊரை அச்சத்தில் வைத்தானாம். குடிமக்கள் பயப்படவும் வேண்டும், தன் கையில் இரத்தம் படவும் கூடாது என்ற அந்த அரசனின் தவிப்பு, இன்றைய அரசுகளின் தவிப்பிலிருந்து அதிகம் விலகியதில்லை. கண்டி இராச்சியத்தில் யானையால் மிதித்துக் கொல்லும் தண்டனை இருந்தது. பிரித்தானியர் தூக்கைக் கொண்டுவந்தார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அதை எழுத்தில் நிலைநிறுத்தியது. பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்க 1928இலேயே சட்ட நிரூபண சபையில் மரண தண்டனையை ஒழிக்கும் தீர்மானத்தை முன்வைத்தார். நடைமுறையில் எதுவும் மாறவில்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. 1956இல் ஆட்சிக்கு வந்த அவரது அரசு, 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், கொலைக்கான மரண தண்டனையை மூன்று ஆண்டுகளுக்கு இடைநிறுத்தியது. நிரந்தரமாக ஒழிப்பதா வேண்டாமா என்பதை ஆராய்ந்து சொல்ல ஓர் ஆணைக்குழுவும் அமைந்தது. அதன் தலைவர் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ். தூக்கு கொலையைத் தடுக்கிறதா என்பதை நம்பிக்கையை வைத்துத் தீர்மானிக்காமல், இலங்கையின் கொலைக் கணக்குகளையே வைத்துப் பார்த்தது அந்தக் குழு. தூக்கிலிடுவது கூடினாலும் குறைந்தாலும் கொலைகளின் எண்ணிக்கை அதைப் பின்தொடர்வதாகத் தெரியவில்லை. தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று 1959இல் அறிக்கை கொடுத்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் திகதி காலையில், கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் இருந்த தன் வீட்டு விறாந்தையில் பண்டாரநாயக்க வந்தவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். காவியுடுத்த ஒரு பிக்கு காத்திருந்தார். அவரைக் கண்டு வணங்கிய பிரதமரை அந்தப் பிக்கு, தல்துவே சோமாராம, கைத்துப்பாக்கியால் சுட்டார். மருத்துவமனையில் அறுவைக்குப் பின் நாட்டு மக்களுக்காக ஒரு செய்தியைச் சொல்லி எழுதுவித்தார் பண்டாரநாயக்க. தன்னைச் சுட்டவரிடம் இரக்கம் காட்டும்படியும் பழிவாங்க முயல வேண்டாம் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார்.

அந்த வேண்டுகோளின் கதி என்னவாயிற்று என்பது, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவருவது குறித்த எந்த விவாதத்துக்கும் பாடமாக வைக்கத் தகுந்தது. அடுத்து பிரதமரான டபிள்யூ. தஹநாயக்கவின் அரசு அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கியது. நீக்கியதோடு நிற்காமல், தண்டனை நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் செய்த கொலைக்கும் மரண தண்டனை பொருந்தும் என்று பின்னோக்கிப் பாயும் விதியையும் சேர்த்தது. ஒரு செயலைச் செய்த நாளில் அதற்கு எந்தத் தண்டனை சட்டத்தில் இருந்ததோ அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது குற்றவியல் நீதியின் அடிப்படை. பிரதமரின் கொலையாளிக்காக அந்த அடிப்படை தளர்த்தப்பட்டது. மொரிஸ் குழுவின் அறிக்கை அலுமாரிக்குப் போனது.

அவசரத்தில் எழுதிய சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. பின்னோக்கிய விதி கொலையைச் சொன்னது. கொலைக்கான சதியைச் சொல்லவில்லை. விசாரணையில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது: சுட்ட சோமாராம, சதியின் மூளை என்று காணப்பட்ட களனி விகாரையின் மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர், அவரது நண்பரான வர்த்தகர் ஒருவர். மேன்முறையீட்டில் பின்னிருவரின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சோமாராம தூக்கிலிடப்பட்டார். சாவதற்குச் சற்று முன் அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். திட்டமிட்டவராகக் காணப்பட்ட புத்தரக்கித்த 1967இல் சிறையில் இயற்கையாக இறந்தார். யாருக்காகச் சட்டம் மாற்றப்பட்டதோ அந்தக் கொலையில்கூட, யார் சாவது யார் வாழ்வது என்பதைத் தீர்மானித்தது குற்றத்தின் கனம் இல்லை; சட்டவரைவில் விடுபட்ட ஒரு சொல்.

திரும்பி வந்த தூக்கு பதினாறு, பதினேழு ஆண்டுகளே நீடித்தது. அதன் கடைசிக் காலத்துச் சம்பவம் ஒன்று சிங்கள மக்களிடையே இன்றும் பேசப்படுகிறது. மருசிரா என்று அறியப்பட்ட டி.ஜே. சிறிபால சிறையிலிருந்து தப்புவதில் பேர்போனவர். 1975 ஆகஸ்டில் கண்டி போகம்பரைச் சிறையில் அவருக்கு நாள் குறிக்கப்பட்டது. மறுபடி தப்பிவிடுவாரோ என்ற பயத்தில் அவருக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். காலையில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. தூக்குக்காரர் கணக்கிடுவது கைதியின் நிறையை வைத்து, அவர் நின்ற நிலையிலிருந்து எவ்வளவு ஆழம் விழ வேண்டும் என்பதை. விழும் தூரம் சரியாக இருந்தால் கழுத்தெலும்பு உடனே முறியும். குறைந்தால் மூச்சுத் திணறித்தான் உயிர் போகும். மருசிராவைத் தூக்குப்படுக்கையில் சுமந்துவந்து பொறிக்கதவின் மேல் கிடத்தினார்கள். கிடந்த உடலுக்கு விழும் தூரம் போதவில்லை. நினைவிழந்து கிடந்த ஒரு மனிதரை நாட்டின் பெயரால் நெரித்துக் கொன்றதாக அது முடிந்தது. விசாரணையும் கண்டனமும் எழுந்தன. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தோடு தூக்குமேடை ஓய்ந்தது.

அது சட்டம் போட்டு ஓய்ந்த ஓய்வில்லை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன காலத்திலிருந்து 2019 வரை ஜனாதிபதிகள் எவரும் தூக்குக்குக் கையெழுத்திடவில்லை, அவ்வளவே. 1978 அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை ஒரு நடைமுறையை வகுத்தது. மரண தண்டனை விதித்த நீதிபதி ஜனாதிபதிக்கு அறிக்கை தர வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போகும். பிறகு நீதி அமைச்சர் தன் பரிந்துரையோடு ஜனாதிபதிக்கு அனுப்புவார். மூன்று மேசைகளைத் தாண்டி நான்காவது மேசைக்கு வரும் கோப்பில் கையெழுத்து விழாதவரை கைதி உயிரோடிருப்பார். அதே உறுப்புரைதான் மன்னிக்கும் அதிகாரத்தையும் அதே மேசைக்குக் கொடுக்கிறது. இந்த இரட்டை அதிகாரம் எப்படிக் கையாளப்பட்டது என்பது பின்னால் வரும்.

தூக்கு வேண்டும் என்பவர்களின் வாதம் இலேசானதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் முன்னால் அதைத் தள்ளிப் பேசுவது எவருக்கும் எளிதாக இராது. தகுதிக்கேற்ற தண்டனை என்பதே அதன் வேர். ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1797இல் ஓர் உவமை சொன்னார்: ஒரு தீவில் வாழும் மக்கள் தங்கள் சமுதாயத்தைக் கலைத்துக்கொண்டு உலகெங்கும் பிரிந்துபோவதென்று முடிவெடுத்தாலும், புறப்படுமுன் சிறையிலிருக்கும் கடைசிக் கொலையாளியைத் தூக்கிலிட்டுவிட வேண்டும். இனி அவரால் எவருக்கும் ஆபத்தில்லை, அவரைப் பார்த்து அஞ்சித் திருந்தவும் எவரும் மிச்சமில்லை. ஆனாலும் செய்த செயலுக்குரியதை அவர் பெற்றாக வேண்டும். இல்லையேல் அந்த இரத்தப்பழி மக்கள் எல்லோர் மேலும் விழும் என்பது காண்டின் நிலை. தமிழ் மரபும் இந்த வாதத்தை அறியும். கொடியவர்களை அரசன் கொலையால் தண்டிப்பதைப் பயிரில் களையெடுப்பதோடு ஒப்பிட்டவர் வள்ளுவர். கொல்லாமைக்கென்று தனி அதிகாரம் வகுத்தவரும் அவர்தான். அறவோனுக்கு ஒரு நெறி, ஆள்பவனுக்கு ஒரு நெறி என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அந்த இழுபறி முழுவதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அடுத்தது அச்சம். சாவுக்குப் பயப்படாதவர் யார், தூக்கு இருந்தால் கை நடுங்காதா என்பது பாமரரும் கேட்கும் கேள்வி. மூன்றாவது வாதம் இலங்கைக்கே உரியது: சிறைக்குள் இருந்துகொண்டே வெளியில் போதைப்பொருள் கடத்துபவரை வேறெப்படி நிறுத்துவது? சட்டத்தின் மதிப்பைப் பற்றிய வாதமும் ஒன்று உண்டு. நீதிமன்றம் விதித்த தண்டனையை ஆட்சியாளர் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவது நீதித்துறையை அவமதிப்பதாகாதா என்று சட்டத்தரணிகளில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குச் சட்டத்தை நடைமுறைக்கு ஏற்ப மாற்றுவதும் ஒரு விடைதான்.

இந்த வாதங்கள் எல்லாம் ஒன்றுதிரண்ட காலம் மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சி. 2018 ஜூலையில் அவர், சிறையிலிருந்தும் போதை வியாபாரத்தை நடத்துபவர்களின் தூக்குக்குக் கையெழுத்திடப்போவதாக அறிவித்தார். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தொடக்கத்தில் அதற்கு ஆதரவாகப் பேசினார். அடுத்த மாதமே பாப்பரசர் பிரான்சிஸ், எந்த நிலையிலும் மரண தண்டனை ஏற்கத்தக்கதில்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினார். முதல் கட்டளையே உயிர்க்கொலை தவிர்த்தல் என்று ஓதும் பௌத்தப் பிக்குகளிடையிலும் இரு குரல்கள் கேட்டன. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், உலகெங்கும் மரண தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2019 ஜனவரியில் மணிலாவுக்குச் சென்ற சிறிசேன, ஜனாதிபதி டுட்டெர்ட்டேயின் போதை ஒழிப்புப் போரைப் புகழ்ந்தார்.

கையெழுத்திட ஆள் தயாரானார். இழுக்கத்தான் ஆள் இல்லை. இலங்கைத் தமிழில் தூக்கிலிடுபவருக்கு அலுகோசு என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். 2014இல் வேலைக்கு எடுத்த அலுகோசு ஒருவர், பயிற்சியின்போது தூக்குமேடையை முதன்முதலாகப் பார்த்து அதிர்ந்து வேலையை விட்டுவிட்டார். பெயருக்குப் பதவியிலிருந்த முந்தையவர்கள் ஒருவரையும் தூக்கிலிட்டதில்லை. எனவே 2019 பெப்ரவரியில் சிறைச்சாலைகள் திணைக்களம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. இரண்டு வெற்றிடங்கள். ஆண்கள் மட்டும், வயது 18க்கும் 45க்கும் இடையில். மாதச் சம்பளம் 36,310 ரூபாய். நல்லொழுக்கமும் மனத்திடமும் வேண்டும். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள்; இருவர் தேர்வானார்கள். கட்டப்பட்டிருக்கும் ஒருவரைக் கொல்லும் வேலைக்கு நல்லொழுக்கச் சான்று கேட்ட அந்த விளம்பரத்தை நிதானமாக வாசித்தால், விவாதத்தின் கடினமான முடிச்சு ஒன்று தட்டுப்படும். 'அரசு தூக்கிலிடுகிறது' என்று சொல்வது எளிது. அரசுக்குக் கை கிடையாது. விடியற்காலையில் எழுந்து, கைதியின் எடையைக் கேட்டறிந்து, விசையை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட உட்காரும் ஒருவர் அதற்கு வேண்டும்.

2019 ஜூன் 26, சர்வதேச போதை ஒழிப்பு நாள். நால்வரின் தூக்குக்குக் கையெழுத்திட்டுவிட்டதாக அன்று சிறிசேன அறிவித்தார். யார் அந்த நால்வர் என்பதை வெளியிடவில்லை. சிறையிலிருந்த நூற்றுக்கணக்கானோரும் அவர்களின் குடும்பங்களும், அந்த நான்கில் தங்கள் பெயர் இருக்குமோ என்று காத்திருந்தார்கள். மனுக்கள் குவிந்தன. ஜூலை 5இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தூக்கை ஆதரிப்போர் நம்பும் அச்சத்தின் பலனைப் பற்றிய ஆதாரங்கள் அவ்வளவு உறுதியானவை இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012இல் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசிப் பார்த்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ பாதிப்பதில்லை என்றோ சொல்ல அவை உதவா என்று முடிவு கூறியது. சிங்கப்பூரைக் காட்டுவோர் இலங்கையில் நிறைய. அங்கே பிடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதும், காவலர் இலஞ்சத்துக்குக் கையை நீட்டுவது அரிது என்பதும் அந்த உதாரணத்தில் விடுபட்டுப் போகின்றன. தண்டனையின் கொடுமையைவிட, அது தவறாமல் வரும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். சிறைக்குள்ளிருந்து கைப்பேசியில் வியாபாரம் நடக்கிறது என்றால், கைப்பேசியை உள்ளே விட்டவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பிடிக்காமல் பேசியவரைத் தூக்கிலிட்டால், அந்தக் கைப்பேசி அடுத்த கைதியிடம் போகும்.

அதோடு தூக்கின் வாயில் யார் விழுவார் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம், இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை விதிக்க இடம் தந்தது. இரண்டு கிராம் என்பது தேநீருக்குச் சீனி போடும் கரண்டியில் அரைக் கரண்டி. கப்பலில் நூற்றுக்கணக்கான கிலோவை இறக்குபவர் அந்தப் பொட்டலத்தைத் தொடுவதில்லை. கையில் பொட்டலத்தோடு பிடிபடுபவர், பெரும்பாலும் தானே அதற்கு அடிமையாகி, அதை வாங்கவே விற்பவராக மாறிய ஒருவர். இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை, மரண தண்டனை மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டுமே என்கிறது. போதைப்பொருள் குற்றம் அதில் அடங்காது என்று அதன் கண்காணிப்புக் குழு விளக்கம் தந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமானது பிழையின் அச்சம். 2015 செப்டம்பரில் கம்பஹா மாவட்டத்தில் ஒரு சிறுமியை இரவில் வீட்டிலிருந்து தூக்கிச் சென்று கொன்றார்கள். நாடு கொதித்தது. நாடாளுமன்றம் ஒப்பினால் தூக்கை நடைமுறைப்படுத்தலாம் என்ற பேச்சு அப்போதே ஜனாதிபதியிடமிருந்து வந்தது. பொலிஸார் முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொரு குடும்பஸ்தரையும் பிடித்தார்கள். மரபணுச் சோதனை அவர்களை விடுவித்தது. தங்களை அடித்து வதைத்ததாக அவர்கள் பின்னர் சொன்னார்கள். அடுத்துப் பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனின் மரபணு. அடுத்த ஆண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது அந்தச் சகோதரனுக்கே. தூக்கில் போடு என்று வீதியில் கூட்டம் முழங்கிய அந்த நாட்களில் காவலில் இருந்தவர்கள் நிரபராதிகள். சோதித்துப் பார்க்க மரபணுத் தடயம் கிடைக்காத வழக்குகள் எத்தனை?

ஒப்புதல் வாக்குமூலத்தின் கதை தமிழர்களுக்கு இன்னும் கசப்பானது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. வற்புறுத்தி வாங்கியது என்றால் அதை நிரூபிக்கும் சுமை கைதியின் தலையில். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை வைத்த வழக்கு ஒன்று ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனது. நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று 2004இல் குழு கண்டது. அந்தக் கைதி நீண்ட சிறைத் தண்டனை பெற்றிருந்தார். உயிரோடிருந்ததால் முறையிட முடிந்தது.

ஆராயாமல் கொடுத்த மரண தண்டனையின் கதை இந்தத் தீவில் கோயில் கொண்டிருக்கிறது. கோவலனைக் கொன்ற பாண்டியனிடம் சிலம்பை உடைத்து நீதி கேட்டவள், வற்றாப்பளையிலும் மட்டக்களப்பின் ஊர்களிலும் கண்ணகை அம்மன். சிங்களவருக்குப் பத்தினித் தெய்வம். இரு மக்களும் ஒருசேரக் கும்பிடுவது, அரசு தவறுதலாகக் கொன்ற ஒருவனின் மனைவியை.

அயல்நாட்டில் அந்தத் தவற்றின் விளிம்பு தெரிந்தபோது இலங்கை ஒன்றாக அழுதது. மூதூரிலிருந்து வீட்டுப் பணிக்காகச் சவூதி அரேபியா போன ஏழைப் பெண் ஒருவர், 2005இல் தன் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்ததற்காகக் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டார். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள். பிறப்புச் சான்றின்படி சம்பவத்தின்போது அவருக்கு வயது 17. வாக்குமூலம் எடுத்தபோது தகுந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை. இலங்கை அரசு மன்னிப்புக் கேட்டு மன்றாடியும் 2013 ஜனவரியில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயதும் மொழியும் வறுமையும் தீர்ப்பைக் கோணலாக்கும் என்பதை அன்று எவரும் அந்த நாட்டுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி அந்த நான்காவது மேசையின் மறுபக்கம். 2019 ஜூனில் பெயர் சொல்லாத நால்வரின் சாவுக்குக் கையெழுத்திட்ட சிறிசேன, பதவி முடியும் தறுவாயில், நவம்பரில், ஒருவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2005இல் கொழும்புக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இளம்பெண்ணைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற, வசதியான குடும்பத்தவர் அவர். 2020 மார்ச்சில் அடுத்த ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச, இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவை விடுவித்தார். போரால் இடம்பெயர்ந்து, தங்கள் வீடுகளைப் பார்த்துவர 2000 டிசம்பரில் மிருசுவிலுக்குப் போன எட்டுத் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, கழுத்து அறுக்கப்பட்டுக் குழியில் புதைக்கப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். தீர்ப்புக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த குடும்பங்கள், விடுதலையைச் செய்தியில் கேட்டறிந்தன. 2021இல் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்புக் கிடைத்தது; தன் கட்சிக்காரரான பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் கொலைக்காக மரண தண்டனை பெற்றிருந்தவர் அவர். இந்த வரிசையை அரைக் கரண்டி ஹெரோயினோடு பிடிபட்டவரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தூக்கு மீண்டும் வந்திருந்தால் கயிறு யார் கழுத்தைத் தேடிப் போயிருக்கும் என்பதில் ஐயம் எழ இடமில்லை.

தூக்குமேடை ஓய்ந்திருந்ததால் அரசின் கை சுத்தமாக இருந்தது என்றும் எண்ணிவிட முடியாது. 1982இல் மரண தண்டனை பெற்ற தமிழ்ப் போராளி குட்டிமணி, தன் கண்களைப் பார்வையற்ற தமிழர் ஒருவருக்குத் தானம் செய்யும்படி மன்றில் கேட்டுக்கொண்டவர். தண்டனை நிறைவேறவில்லை. 1983 ஜூலையில், அரசின் காவலில், வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே அவர் உட்பட 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். தெற்கில் 1980களின் இறுதியில் வீதியோரங்களில் எரிந்த உடல்களும், போர்க்காலத்தில் காணாமல்போனவர்களும் எந்தத் தீர்ப்பின்படியும் இறந்தவர்கள் இல்லை. தீர்ப்பின்றிக் கொல்லப் பழகிய ஓர் அரசின் கையில் தீர்ப்போடு கொல்லும் அதிகாரத்தையும் மீண்டும் கொடுப்பதா என்பது, இலங்கையில் வெறும் தத்துவக் கேள்வியாக நின்றுவிடவில்லை.

உயிரோடு விட்டுவைத்த ஒரு குற்றவாளியால் என்ன நடக்கலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணி சாட்சி. 1996இல் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி ஒருவரைச் சோதனைச் சாவடியில் படையினர் மறித்து வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப் போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்றார்கள். 1998இல் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சாகத் தகுந்தவர்கள் என்று எவரையாவது சொல்லலாம் என்றால் இவர்களைச் சொல்லலாம். ஆனால் தண்டனை பெற்றவர்களில் ஒருவர்தான், தீர்ப்பு நாளில் மன்றில் வாய் திறந்து, செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருப்பதாகச் சொன்னவர். 1999இல் அவர் காட்டிய இடம் உட்படத் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிறகு அந்த விசாரணை உறங்கிப்போனது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் மறுபடி மண்ணைக் கிளறியபோது 200க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு பாடசாலைப் பையும் பொம்மையும் இருந்தன. கட்டளையிட்ட அதிகாரிகள் யார் என்பதை அறிந்த சாட்சியாக அந்தக் கைதியின் பெயர் மறுபடி பேசப்பட்டது. சட்டப்படி தூக்கு நிறைவேறியிருந்தால், உண்மையின் அந்த இழையும் கால் நூற்றாண்டுக்கு முன்பே அறுந்திருக்கும். காணாமல்போன மகனைத் தேடும் தாய்க்கு அந்தக் கைதியின் சாவைவிட அவர் வாயிலுள்ள சொல் பெரிது.

2022 ஆகஸ்டில், ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மரண தண்டனையை நிறைவேற்றக் கையெழுத்திட மாட்டார் என்று சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். 2024 ஜனவரியில் துமிந்த சில்வாவுக்கும், ஜூனில் அடுக்குமாடிக் கொலை வழக்கின் கைதிக்கும் வழங்கிய மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. சட்டக்கோவையில் தண்டனை அப்படியே இருக்கிறது. எந்த ஜனாதிபதியும் அதை இன்னொரு கையெழுத்தால் எழுப்பிவிடலாம். மேல் நீதிமன்றங்களில் விளக்குகள் அணைகின்றன, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நாள் குறிக்காத தீர்ப்பு வாசிக்கப்படுகிறது.